வண்டிக்காரருக்குச் சேர்த்த ‘ங்க’

ஒரு மனிதருக்குக் கிடைக்காத மரியாதையை நாற்பது ஆண்டுகள் கழித்து நாம் சேர்த்துக் கொடுக்கலாமா? அந்தப் படத்தின் ஒலியைச் சீர் செய்தபோதுதான் இக்கேள்வி எனக்கு வந்தது.

பீளமேட்டில் பழைய படங்களின் ஒலித்தடத்தைச் சுத்தம் செய்யும் ஸ்டுடியோவில் வேலை செய்கிறேன். அது எண்பதுகளில் வந்த படம். பண்ணையார் மகனான கல்லூரி மாணவன் அப்பாவை எதிர்த்து, தோட்டத்துக் கிணற்றின் பூட்டை உடைத்து, எல்லோரையும் தண்ணீர் எடுக்கச் சொல்வான். மேட்டுப்பாளையத்தில் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் வீட்டில் முறைத்துக்கொண்டு திரிந்தவன் நான்.

நான்காவது ரீலில் ஒரு கீறல். முதுகைக் காட்டி நிற்கும் நாயகன் வண்டிக்காரரிடம், “வண்டியப் பூட்டிட்டு வா” என்கிறான். அதன் பிறகு கரகரப்பு. உதடு தெரியாது; வசனப் பிரதியும் கிடைக்கவில்லை. கிணற்றையே திறந்துவிட்டவன் ‘வாங்க’ என்றுதான் சொல்லியிருப்பான் என்று முடிவு செய்தேன். பேராசிரியரிடம் அவன் பேசும் காட்சியிலிருந்து ஒரு ‘ங்க’வை வெட்டி அங்கே ஒட்டினேன். ஒட்டிய இடம் காதுக்குத் தெரியவில்லை. பெருமையாக இருந்தது.

வண்டிக்காரராக நடித்தவர் கோபிசெட்டிபாளையம் பக்கம் பண்ணை வேலை செய்தவர், இப்போது இல்லை. அவருக்கு வேறு புகைப்படம்கூடக் கிடையாது என்று கேள்விப்பட்டு, ஆசிரியையான மகள் எஸ்தரை அழைத்திருந்தோம். அப்பாவின் முகம் திரையில் வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

“இது ‘வாடா’ங்க சார். எங்கப்பன் ஊட்ல அதைச் சொல்லிக் காட்டிக் காட்டிச் சிரிப்பாரு. பதிலுக்கு ‘வாரேனுங்க சின்னவருங்க’ன்னு அவரு சொல்றதும் இருக்குதல்லோ? இப்ப ரெண்டு பேருமே ‘ங்க’ போட்டுப் பேசற மாதிரி ஆகிப்போச்சுங்க.”

அவர் எதற்காகச் சிரித்தார் என்று கேட்டேன்.

“அதுதானுங்க எனக்கும் தெரியல. சந்தோசத்துலயா, வேற வழியில்லாமயா. இந்த ‘ங்க’வ எடுத்துருங்க. அது யாரும் அவருக்குக் குடுக்காதது.”

அந்த நாயகன் தன் நண்பர்களைக் கூப்பிடும் ‘டா’ படம் முழுக்க இருந்தது. ஒன்றை எடுத்து வைக்கட்டுமா என்றேன். எஸ்தர் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

“அதையும் என் வாயால வெக்கச் சொல்ல மாட்டேனுங்க.”

கரகரப்போடு அனுப்பினால் படத்தின் உரிமையை வைத்திருக்கும் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும் என்று ஸ்டுடியோ முதலாளி கவலைப்பட்டார். “ஒரு எழுத்துக்கு ஏனுங்க இத்தனை ரோசனை?” என்றார். அநீதியை மறைக்கக் கூடாது என்று ஒரு மனம் சொன்னது. அதை என் கையால் திரும்பச் செய்வதா என்று மற்றொரு மனம் கேட்டது. பதினாறு வயதில் அந்தக் காட்சியைப் பார்த்தேன்; ‘டா’ அப்போது தெளிவாகவே ஒலித்திருக்கும். எனக்கு அது கேட்கவில்லை என்பதும் குழப்பத்தில் சேர்ந்துகொண்டது.

கடைசியில் ‘ங்க’வை எடுத்தேன், ‘டா’வை வைக்கவில்லை. காரணத்தை எழுதி இணைத்ததும் கம்பெனி ஏற்றுக்கொண்டது. அந்த ஒரு வினாடி இன்றும் படத்தில் கரகரக்கிறது. அதன் பிறகு, கேட்காத சொல்லை நான் ஊகித்து நிரப்புவதில்லை.