சும்மா கொடுத்த கருவிகள்

அண்ணி மதுரைப் பயிற்சியிலிருந்து ஒரு நீலச் சட்டை கொண்டுவந்தார். நெஞ்சில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் பெயர். சட்டையும் இலவசம், செயலி எழுதும் கருவிகளும் இலவசம். "எதுக்கு அண்ணி இம்புட்டையும் சும்மா தர்றாங்க?" என்று கேட்டேன். "அவங்க பெரிய கம்பெனி. இதெல்லாம் அவங்களுக்கு ஒரு விசயமா?" என்று சிரித்தார். அப்போது நன்றாகச் சிரிப்பார்.

அண்ணி போடியில் ஒரு கல்லூரியில் கணினி ஆசிரியை. நான் அங்கேயே ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சிலமலையிலிருக்கும் அவருடைய அம்மா, ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறுகிறவர். போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்தால், யார் எந்த ஜீப்பில் வருகிறார்கள் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் அண்ணி ஒரு செயலி எழுதினார். ஏறியவர்களின் பெயரை டிரைவர் தன் போனில் தொட்டுவிட்டால், ஜீப் எங்கே வருகிறது என்பது வீட்டுக்காரர்களின் போனில் தெரியும். முழுக்க அந்த இலவசக் கருவிகளை வைத்துக் கட்டியது, அந்த நிறுவனத்தின் சர்வரிலேயே இருந்தது. இரண்டு மழைக்காலம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது.

மூன்றாவது மழைக்காலத்துக்கு முன்னால் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இலவசச் சேவை முடிகிறது, இனிக் கட்டணம். எங்களால் கட்டக்கூடிய கட்டணமல்ல. "வேற ஒண்ணுல மாத்திர முடியாதா?" என்றேன். "அடியிலருந்து திரும்ப எழுதணும்டி" என்றார். எழுதி முடிப்பதற்குள் கெடு முடிந்து செயலி நின்றது. அடுத்த வாரமே மலையில் மண் சரிந்தது. எங்கள் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "போன்ல பாத்துச் சொல்லு ஆத்தா, எம் மருமக எந்த ஜீப்புல வர்றா?" என்று ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணி நின்றுபோன செயலியைத் திறந்து திறந்து பார்த்தார். அவருடைய அம்மாவும் மேலேதான் இருந்தார். இருட்டுவதற்குள் எல்லோரும் பத்திரமாக இறங்கிவிட்டார்கள். "அதான் வந்துட்டேன்ல, எதுக்கு அழுகுற?" என்று அம்மா அதட்டியும் அண்ணி அழுகையை நிறுத்தவில்லை.

பிறகு செயலியைப் புதிதாக எழுதி முடித்தார். ஆனால் டிரைவர்கள் திரும்பி வரவில்லை. "இதுவும் நின்னுபோச்சுன்னா என்னக்கா செய்ய?" என்று கேட்டுவிட்டுத் தாளில் பெயர் எழுதப் போய்விட்டார்கள்.

இந்த ஆண்டும் மாணவர்கள் பழகுவதற்கென்று கல்லூரிக்கு அதே கருவிகள் இலவசமாக வந்தன. ஏன் சும்மா தருகிறார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். "நம்ம கை அதுலயே பழகணும். நாம கட்டுறதெல்லாம் அவங்க எடத்துல நிக்கணும். பெறகு விட்டுட்டு வர முடியாதுல்ல, அதுக்குத்தான்" என்றார் அண்ணி. "அப்ப வேண்டாமா மேடம்?" "வேலைக்கு எடுக்கிறவங்க அதைத்தான் கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டு, அண்ணி பதிவு செய்யும் பக்கத்தைத் திரையில் திறந்தார். வகுப்பு முழுவதும் பெயரைத் தட்டச்சு செய்யத் தொடங்கியது.