விளையாடவும் சம்பாதிக்கவும் ஒரே பெட்டி

கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கும் தொழிலில் திருகாணி முடுக்குவது அரை நாள் வேலை, "இதனால என்ன லாபம்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் மிச்ச ஆயுள். எதையாவது பூட்டி, கழற்றி, பழுது பார்த்துப் பிழைக்கும் சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நெய்வேலி நகரியத்துக் கடைத்தெருவில் இருபத்தைந்து வருடமாக இந்தக் கடையை வைத்திருக்கிறேன். ஆனால் நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தில் பெர்மனன்ட் வேலையில் இருப்பது என் மனைவி. குவார்ட்டர்ஸ் அவள் பெயரில். நான் அதில் குடியிருக்கும் கணவன். ஐம்பத்து நான்கு வயதில், நான் யார் என்று யோசிக்க உட்காரும்போதெல்லாம் இந்த விவரம்தான் முதலில் வந்து நிற்கும்.

தொங்கிய ஒயர்

கேம் விளையாடவும் கிரிப்டோ எடுக்கவும் ஒரே கம்ப்யூட்டராக வேண்டும் என்று சிலர் கேட்கத் தொடங்கினார்கள். விஷயம் எளிதுதான். விளையாட்டுக்கென்று வாங்கும் பெரிய கிராபிக்ஸ் கார்டு, ஆள் விளையாடாத நேரத்தில் இன்டர்நெட் வழியாக யாருக்கோ கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அதற்குக் கூலியாகக் கொஞ்சம் டிஜிட்டல் நாணயம் வரும். இதற்கு மைனிங் என்று பெயர். இந்த ஊரில் அந்தப் பெயரை வைத்துச் சொல்லக்கூடிய எல்லா நகைச்சுவைகளையும் மற்றவர்கள் சொல்லி முடித்துவிட்டதால் நான் விட்டுவிடுகிறேன்.

அடுத்தவர் காசில் கற்றுக்கொள்ளக் கூடாது என்ற நேர்மையில் முதல் பெட்டியை என் வீட்டுக்கே பூட்டினேன். இரண்டு கார்டு, ஆறு விசிறி. சுவிட்சைப் போட்டேன். விசிறிகள் சுற்றின, திரையில் ஒன்றும் வரவில்லை. மதர்போர்டைக் கழற்றினேன். மெமரியை மாற்றிப் பார்த்தேன். இரண்டாவது முறையாகக் கழற்றியபோது, என் மீது எனக்கிருந்த நம்பிக்கையையும் சேர்த்துக் கழற்றி மேசையில் வைத்திருந்தேன். இந்த வயதில் புதிதாக ஒன்றைத் தொட்டிருக்கக் கூடாதோ, தொழிலே நமக்குச் சரியில்லையோ என்று எங்கெங்கோ போனது மனசு. கூட்டிப் பெருக்க வந்த மனைவி துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, இந்த ஒயர் எதுலயும் சொருகாம தொங்குதே, அது அப்படித்தான் தொங்கணுமா?"

மாவு

அந்த ஒயரைச் சொருகியதும் பெட்டி ஓடத் தொடங்கி, ஓடியபடியே இருந்தது. ஒவ்வொரு நாளும் எவ்வளவு வந்தது என்று போனில் ஒரு எண் காட்டும். அந்த எண்ணைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். "போட்ட காசை ஒன்றரை வருஷத்துல அதுவே திருப்பித் தந்துடும்" என்பது நான் தயாரித்த வாசகம். பாதிப் பேர் என்னைப் பார்த்தார்கள், பாதிப் பேர் போனைப் பார்த்தார்கள். இரண்டில் நம்பக்கூடியது போன்தான் என்று முடிவு செய்திருப்பார்கள்.

வீட்டில் அந்த அறைக்குள் நுழைய முடியாது. பெட்டியின் முதுகிலிருந்து அனல் அடிக்கும். மார்கழிக் குளிரில் மனைவி இட்லி மாவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து சரியாக அந்த அனலுக்கு எதிரே வைத்தாள். இது நுட்பமான கருவி, ஈரம் ஆகாது என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அது சம்பாதிக்குதோ என்னவோ, மாவு நல்லாப் பொங்குது."

ஓய்வு நேரத்துச் சுரங்கம்

என் வாசகத்தை நம்பிய முதல் ஆள் ராஜமாணிக்கம் அண்ணன். சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை இருபத்தெட்டு வருடமாக ஓட்டுகிறவர். பக்கத்து பிளாக்கில் குவார்ட்டர்ஸ். ஷிப்டுக்குப் போகும்போது பெட்டி சம்பாதிக்கட்டும், வந்த பிறகு தான் விளையாடுவேன் என்றார். ஐம்பத்தெட்டு வயது மனிதர் துப்பாக்கி விளையாட்டா, கார் பந்தயமா, எதை விளையாடுவார் என்று ஆர்வமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் பெட்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் போனேன். முதல் ஷிப்டு முடித்து வந்து, யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு மண் வெட்டும் இயந்திரம். அதை அவர் வலப்பக்கம் திருப்பி, மண்ணை அள்ளி, லாரியில் கொட்டிக்கொண்டிருந்தார். "என்ன அண்ணே, எட்டு மணி நேரம் அங்க பண்ணதையே இங்கயும் பண்றீங்க?" என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அங்க ஓட்டினா பின்னாடி ஒருத்தன் கத்திகினே இருப்பான் தம்பி. இங்க பாரு, எவனாவது வாயத் தொறக்குறானா?"

ஒன்றும் வேண்டாத வெள்ளாமை

அவர் வீட்டில் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு அவருடைய மச்சினன் கலியபெருமாள் என் கடைக்கு வந்தார். சேத்தியாத்தோப்புப் பக்கம் கிராமம். நிலத்தில் பாதி சுரங்கத்துக்குப் போய், அதற்கான பணம் வந்திருந்தது. மீதியில் நெல். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மாமா வூட்டுல பாத்தேங்க. ஆளே இல்ல, அது பாட்டுக்கு ஓடிகினு இருக்குது. நெலம் ஒரு வாட்டி போனா போனதுதான். அந்தப் பணத்த ஒக்காந்து தின்னா நாலு வருசம் வரும். நாலு பொட்டி போட்டா மாசா மாசம் வருமுங்களா?"

இங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் யோசிக்கிற ஆள்தானே நான்? ஆனால் எல்லாரும் ஆன்லைனில் வாங்கத் தொடங்கிய பிறகு, என் கடைக்கு ஒரே ஆளிடமிருந்து நாலு பெட்டி ஆர்டர் வந்ததே இல்லை. போனை எடுத்து அந்த எண்ணைக் காட்டினேன். ஒன்றரை வருட வாசகத்தையும் சொன்னேன். அவர் போனைத் தொடாமல், கைகளைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "நெல்லுக்கு மழ வேணும், ஆளு வேணும், வெல வேணும். இதுக்கு ஒண்ணுமே வேணாம்ன்றீங்க. இத்தினி நாளா எங்ககிட்ட யாரும் சொல்லாம வுட்டுட்டாங்களே சார்!"

வெள்ளை அட்டை

நாலு பெட்டி ஓட வயரிங் தாங்குமா என்று பார்க்க, ஒரு காலைப்பொழுதில் அவர் ஊருக்கு வண்டியில் போனேன். கலியபெருமாள் அட்வான்ஸைத் தயாராகக் கையில் வைத்திருந்தார். வாசல் சுவரில் மீட்டர் பெட்டி. அதன் பக்கத்தில் ஒரு ஆணியில் வெள்ளை அட்டை தொங்கியது. அவர் மனைவி அஞ்சலை அதை எடுத்து என்னிடம் நீட்டினார். "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்து எழுதிகினு போவாங்க. நூறு யூனிட்டுக்குள்ள இருந்தா காசு இல்ல, அதனால நாங்க பாத்துப் பாத்துத்தான் போடுவோம். நீங்க வைக்கிற பொட்டி எத்தினி யூனிட்டு இழுக்கும்ங்க?"

அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தக் கார்டு எத்தனை வாட்ஸ் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு கரண்ட் பில்லை நான் கண்ணால் பார்த்ததில்லை. குவார்ட்டர்ஸுக்கு மனைவியின் சம்பளத்தில் ஏதோ சொற்பமாகப் பிடிப்பார்கள். கடையில் வாடகையோடு கரண்ட்டும் சேர்த்தி. ராஜமாணிக்கம் அண்ணனுக்கும் அதே குவார்ட்டர்ஸ் கரண்ட். என் ஒன்றரை வருடக் கணக்கில் எல்லாம் இருந்தது, கரண்ட் மட்டும் இல்லை. எங்களுக்கு அது காற்று மாதிரி. காற்றை யார் கணக்கில் எழுதுவார்கள்?

அங்கேயே நின்று போட்டுப் பார்த்தேன். ஒரு பெட்டிக்கு மணிக்கு அரை யூனிட். நாளுக்குப் பன்னிரண்டு. நாலு பெட்டி, இரண்டு மாதம்: கிட்டத்தட்ட மூவாயிரம் யூனிட். வருகிற நாணயத்தை மீட்டரே தின்றுவிட்டு, நிலத்துப் பணத்திலும் கை வைக்கும். சத்தமாகச் சொன்னேன். கலியபெருமாள் அசரவில்லை. "அப்ப மோட்டார் கொட்டாயில வச்சிடலாமுங்க. பம்புசெட்டுக்கு கரண்ட்டு ஃபிரீதானே?"

ஒளிக்காமல் சொல்கிறேன்: ஒரு நிமிடம், கொட்டகையில் ஈரம் படாமல் பெட்டிகளை எந்த உயரத்தில் வைக்கலாம் என்று மனசுக்குள் பலகை அடித்துக்கொண்டிருந்தேன். பிறகு வயலைப் பார்த்தேன். மிச்சமிருக்கும் பாதி நிலம் அது. பயிருக்கு என்று கொடுத்த கரண்ட்டில் பெட்டி ஓட்டி மாட்டிக்கொண்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள், நெல் காய்ந்துபோகும். "வேணாங்க. தப்பு என் கணக்குல. இது உங்களுக்குச் சரிப்படாது. நாலு இல்ல, ஒண்ணுகூட வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ கடன் கேட்பது போலக் கேட்டது.

கலியபெருமாள் அட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "கம்ப்யூட்டர் கடக்காரரு நீங்க. எங்க வூட்டு அட்டயப் பாத்துத்தான் உங்களுக்கே தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, அட்வான்ஸை உள்ளே கொண்டுபோய் வைத்தார். வண்டிச் சாவியைத் தேடினேன். அஞ்சலை மட்டும் கோபப்படாமல், கூடத்து உத்திரத்தைக் காட்டினார்: "இம்மாந் தூரம் வந்துட்டீங்க. அந்த ஃபேனு கடகடன்னு சத்தம் போடுது, அதயாவது பாத்துட்டுப் போங்க."

இப்போதெல்லாம் யாராவது இப்படி ஒரு பெட்டி கேட்டு வந்தால், கரண்ட் பில் யார் கட்டுவது என்றுதான் முதலில் கேட்கிறேன். கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வருவதில்லை என்பதால் கடையில் உட்கார்ந்து யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது, எனக்கு அது ஒன்றுதான் கூடாது.