டிரைவ்வே பூஜ்யத்தை நெருங்கிய கதை

அமெரிக்காவின் ஃபிரிஸ்கோவில் மென்பொருள் சோதிக்கும் திருமூர்த்தி, திருச்செங்கோட்டில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். வேலை மாறியது, வாத்தியார் மாறவில்லை. மாவு புளித்துவிட்டதா என்று கேட்டால், எந்த நொடியில் என்று திருப்பிக் கேட்பார்.

புது வீட்டின் டிரைவ்வே, அதாவது கராஜிலிருந்து தெருவுக்கு இறங்கும் கான்கிரீட் பாதை, தெருவைத் தொடும் இடத்தில் குத்தென இறங்கியது. மனைவி தாமரைச்செல்வியின் கார் இறங்கும்போதெல்லாம் பம்பர் அங்கே உரசும். சரிவு பதினைந்து சதவீதத்தைத் தாண்டினால் பில்டரே உடைத்துக் கட்டித் தர வேண்டும். வாரண்டி அந்த வாரத்தோடு முடிகிறது.

அளக்க வந்த பில்டரின் ஆள் பசுபதி, கராஜிலிருந்து தெருவரை கயிறு கட்டினார். பத்து சதவீதம்.

"ரூலுக்குள்ளதான் இருக்கு, சார்."

"அது ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கிற சராசரி, பசுபதி. வெட்டுக்கோடு. என் கார் உரசறது ஒரு புள்ளியில. தெருப்பக்கத்து முனை அப்படியே இருக்கட்டும். இந்த முனையைக் கிட்ட கொண்டு வாங்க."

பாதி நீளத்தில் பன்னிரண்டு. ஓரடி ஸ்கேலில் பதினெட்டு. பசுபதி தலையைச் சொறிந்தார்.

"சரி சார், ஜெயிச்சுட்டீங்க. சைன் பண்ணிடறேன்."

"பொறுங்க. இடைவெளி இன்னும் பூஜ்யத்தை நெருங்கலையே?"

"ஏனுங்க, அவரே ஒத்துக்கிட்டாருங்க!" என்றாள் தாமரைச்செல்வி.

"பதினெட்டுங்கறது தோராயம், செல்வி. எல்லைக்குப் போனாத்தான் அசல் சரிவு."

திருமூர்த்தி ஒரு பல்குச்சியை ஒடித்துத் தரையில் வைத்தார். அவரும் பசுபதியும் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். பல்குச்சியின் தெருப்பக்க முனை, கான்கிரீட்டில் துருத்திய ஒரு பொடிக்கல்லின்மேல் ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது.

"சார், இது மேல ஏறுது!"

திருமூர்த்தி இன்னும் சின்னதாக ஒடித்தார். இன்னும் செங்குத்தாக ஏறியது.

"சின்னதா ஆக ஆகத்தான கரெக்ட்டுன்னீங்க?" பசுபதி எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். திருமூர்த்தி நேர்மையானவர், ஆமாம் என்றார். பசுபதி, 'இறக்கம் இல்லை, ஏற்றம்' என்று பதிந்துவிட்டுக் கிளம்பினார்.

தாமரைச்செல்வி காரை எடுத்தாள். அந்த ஏற்றத்தில் கார் இறங்கியது. கர்ரக் என்றது.

ஓரமாக உருண்டு வழிவிட்ட திருமூர்த்தி இன்னும் தரையில்தான் படுத்திருந்தார். முகம் திடீரென்று மலர்ந்தது.

"செல்வி! ஏற்றமும் இல்ல, இறக்கமும் இல்ல. அந்தப் புள்ளியில வகைக்கெழுவே கிடையாது!"

அவள் கார் கண்ணாடியை இறக்கினாள்.

"பம்பரும் கிடையாதுங்க."