ஒலக்கூர் பேச்சில் ஒரு நீதிபதி

திண்டிவனம் பக்கத்து ஒலக்கூரிலிருந்து சென்னைக்கு டப்பிங் பேசப் போன எனக்கு வேலைக்காரி வேடங்களே கிடைத்தன. ஒருநாள் ஒரு பெண் நீதிபதி பாத்திரத்துக்குக் குரல் கொடுப்பவர் வரவில்லை. நான் பேசுகிறேன் என்றேன்.

டப்பிங் இயக்குநர் சிரித்தார். "உன் ஊர்ப் பேச்சுல ஜட்ஜம்மாவா? கேக்கறவன் சிரிப்பான்."

"எங்க ஊர்க்காரங்க ஜட்ஜ் ஆவறதில்லையா சார்? அவங்க வூட்ல எப்படிப் பேசிக்கினு இருப்பாங்க?"

அவர் வேறொருவரை அழைத்துப் பேச வைத்தார்.

திண்டிவனத்தில் தோழிகளோடு கைப்பேசியில் ஒரு நகைச்சுவைக் காட்சி எடுத்து இணையத்தில் போட்டேன். நீதிபதியாக நான் எங்கள் பேச்சிலேயே தீர்ப்புச் சொன்னேன். புரியாமல் திணறியவர்கள் வக்கீல்கள். விழுப்புரம் பேருந்தில் பக்கத்திலிருந்த அம்மா அதைப் பார்த்து, வக்கீல்களைக் கண்டுதான் சிரித்தார்.

இயக்குநர் மறுபடி அழைத்தார், வேலைக்காரிக்குப் பேச. "ஜட்ஜ் வேஷம் இருந்தா சொல்லுங்க சார், வர்றேன்" என்றேன்.

இன்னும் அழைக்கவில்லை. அதற்குள் நான் எங்கள் அடுத்த காட்சியில் கலெக்டராகவும் நடித்துவிட்டேன்.