வழியனுப்பச் சொன்னேன்

என் வீட்டு எல்லைக்குள் 'கொன்றேன்' என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது என்று ஒரு காலத்தில் விதி வைத்திருந்தேன். மூட்டைப்பூச்சிக்கு வெந்நீர் ஊற்றிய அன்றுகூட என் மனைவி, "கட்டிலை வெயிலில் போட்டேன்" என்று மட்டும்தான் சொல்வாள். இப்போது இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம். அன்று யாரும் சிரிக்கவில்லை. நான் அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸின் தலைமைக் கணக்கர், பெரிய கிளாக்கர். வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி என் வார்த்தைதான் செல்லும்.

இலங்கையில் பதுளைக்கு மேலே, காட்டை ஒட்டிய தோட்டம் அது. கோப்பிச் செடிகள் நோயில் செத்து, மலை மலையாகத் தேயிலை ஏறிக்கொண்டிருந்த வருடங்கள். நான் திருச்சிப் பக்கத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்து, கல்லூரி வரை படித்து, இங்கே வேலைக்கு வந்தவன். மீனும் மாமிசமும் என் குலத்திலேயே இல்லை. பாலை விட்டது மட்டும் நானாகச் செய்தது.

அதன் காரணம் இது. எங்களுக்குப் பால் கொண்டுவந்தவர் ஒரு நாள் மாட்டை வீட்டுக்கே ஓட்டிவந்து கறந்தார். அவர் தோளில் ஒரு கன்று தொங்கியது. அதை மாட்டின் முன்னால் நிறுத்தினார். மாடு அதை நக்கியது, பால் இறங்கியது. அருகே போய்ப் பார்த்தேன். கன்றுக்குக் கண் இல்லை. தோலுக்குள் வைக்கோல் திணித்திருந்தது. அன்று முதல் பால், தயிர், நெய் எதையும் நான் தொட்டதில்லை. பால் விடாத தேநீரான சாயத்தண்ணியோடு கருப்பட்டியைக் கடித்துக்கொள்வேன். அந்த இரக்கம் பொய்யானது என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அதன் பிறகு அதை நான் என்ன செய்தேன் என்பதுதான் கேவலம்.

'பால்கூடக் குடிக்காத ஐயா' என்று தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பேசிக்கொண்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டார் குழந்தையைக் கொண்டுவந்து என் கையால் திருநீறு பூசச் சொல்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. கோழி அறுப்பவன் என் வாசலில் நின்று பேசிவிட்டுப் போனால், அவன் நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொல்வேன். அவன் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும் என்றுதான் சொல்வேன்.

வீட்டின் பின்னால் காடு வரை சரிவில் எனக்கு ஒரு காய்கறித் தோட்டம் இருந்தது. இங்கே கோவா என்று சொல்லும் முட்டைக்கோசு, பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் வைத்திருந்தேன். நான் சாப்பிட்டது போக, கூடை கூடையாக மாரியம்மன் கோயிலுக்கு அனுப்புவேன். "பாவம் படாத சோறு" என்பேன். அதைக் காவல் காக்க, மலை வேலையிலிருந்து ஓர் ஆளைத் துரையிடம் கேட்டு வாங்கினேன். முப்பது வயதுக்காரன்; ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். அவன் மனைவி தேயிலைக் கொழுந்து எடுப்பவள். இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்து, மூன்றாவதாக ஒரு பெண் குழந்தையை வைத்திருந்தார்கள்.

காவலுக்கு வந்த மறுநாள் காலை, அவன் ஒரு முள்ளம்பன்றியைக் கம்பில் தூக்கிக்கொண்டு என் சமையல் குசினி வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, ஒண்ணக் கொன்னுட்டேனுங்க."

நான் காதைப் பொத்திக்கொண்டேன். "அந்தச் சொல்ல இங்க சொல்லாதப்பா."

"பின்ன எப்புடிங்க சொல்றது? செத்துப்போச்சுங்களே."

"வேற மாதிரி சொல்லு."

அவன் முள்ளம்பன்றியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்ப வழியனுப்பிட்டேன்னு சொல்றேனுங்க."

அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. விருந்தாளியைத் தெருமுனை வரை கொண்டுபோய் விடுவதற்கு எங்கள் ஊரில் சொல்லும் சொல் அது. அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து, "நேத்து நாலு பேருங்க" என்பான். "மரியாதையாப் போனாங்களா?" என்று நான் கேட்பேன். "ஒரு சத்தமும் இல்லீங்க" என்பான். நாலு பேர் என்றால் எலியா, முயலா, காட்டுப்பன்றியா என்று நான் கேட்டதில்லை. அவன் புதரில் கம்பிச் சுருக்கு வைத்ததும், எலி வளையில் புகை போட்டதும், கோவா இலையில் புழுவை நசுக்கி நசுக்கி அவன் விரல் பச்சையாகிக் கிடந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதற்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

இன்னொன்றும் செய்தேன். என் தோட்டத்தில் செத்தது எதுவும் லயத்துக்குப் போகக் கூடாது, அங்கேயே புதைத்துவிட வேண்டும் என்றேன். என் நிலத்திலிருந்து கறி போயிற்று என்று பேச்சு வந்துவிடுமே என்ற பயம். லயத்தில் இருந்தவர்கள் மாதத்துக்கு ஒரு நாள் கறி கண்டால் அதிசயம். லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலியில் அவன் மனைவி மற்றப் பெண்களிடம் சொன்னதாக ஒரு பேச்சு என் காதுக்கு வந்தது: "நம்ம கிளாக்கரையா தோட்டத்துல பன்னிக்குக்கூட நல்லடக்கம் உண்டுடி. செத்தா அங்க போய்ச் சாவணும்." எனக்குக் கோபம் வந்தது; ஆனால் விதியை மாற்றவில்லை. புதைத்த பாத்திகளில் கோவா தலை தலையாகப் பருத்து வந்தது. கோயிலில் அதைப் பார்த்தவர்கள், "ஐயா கை ராசி" என்றார்கள்.

அந்த வருடம் லயங்களில் அம்மை போட்டது. காவல்காரனின் பெண்ணுக்கும் போட்டது. மூன்று வாரம் கிடந்து பிழைத்துக்கொண்டது. திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதாக அவன் அம்மனுக்கு நேர்ந்திருந்தான். நேர்ந்த கடனைச் செலுத்தாவிட்டால் தாய் கொடுத்ததைத் தாயே திரும்ப எடுத்துக்கொள்வாள் என்பது அவர்கள் நம்பிக்கை. முன்னே இரண்டு குழந்தைகளைப் புதைத்தவனுக்கு அது வெறும் நம்பிக்கை அல்ல.

திருவிழாத் தலைவன் நான்தான். தீச்சட்டி எடுப்பவர்களுக்குப் பூசாரி மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டும்போது, பக்கத்தில் நின்று விதியைச் சொன்னவனும் நான்தான். "காப்பு கையில இருக்கிற வரைக்கும் கறியும் கூடாது, கொலையும் கூடாது." அவன் தலையாட்டினான். அன்றிலிருந்து தோட்டத்தில் தகரம் அடித்தே விரட்டினான். ஒரு சுருக்குக்கூட வைக்கவில்லை.

அன்னதானத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் காட்டுப்பன்றி இறங்கியது. காலையில் போய்ப் பார்த்தேன். உருளைக்கிழங்குப் பாத்தி பாதிக்கு மேல் உழுது போட்டதுபோல் கிடந்தது. அன்னதானத்துக்கு என் தோட்டத்துக் காய்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அவனைக் கூப்பிட்டேன்.

"இன்னைக்கும் வந்துச்சுன்னா ஒண்ணும் மிஞ்சாது. அன்னதானம் இருக்கு. பாத்துக்க."

"தகரத்துக்குப் பயப்படலீங்க ஐயா. பழகிருச்சு."

"அதான் பாத்துக்கன்னு சொல்றேன்."

அவன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். "கையில காப்பு இருக்குங்களே."

"உன்னைக் கொல்லவா சொன்னேன்?" என்றேன். "வழியனுப்பத்தானே சொன்னேன்."

அவன் தூக்கிய கையைக் கீழே விட்டான். பிறகு, "சரிங்க" என்றான்.

மறுநாள் பாத்திகள் அப்படியே இருந்தன. அவன் காலையில் கணக்குச் சொல்ல வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. பகல் பூசைக்கு எல்லோரும் கோயிலில் கூடியிருந்தபோது, ஒரு கங்காணி அவன் கையைப் பிடித்துத் தூக்கினார். மஞ்சள் கயிற்றின் முடிச்சில் ரத்தம் கருத்துக் காய்ந்திருந்தது.

"என்னாடா இது? விடியக்காத்தால பன்னி கத்துனது எங்க லயம் வரைக்கும் கேட்டுச்சு. காப்புக் கட்டின கையால கொன்னியா?"

அவன் கயிற்றைப் பார்த்தான்.

"எவன்டா சொன்னான் ஒனக்கு?"

"ஐயாகிட்டயே கேளுங்க," என்றான்.

நூறு பேருக்கு மேல் நின்றிருப்பார்கள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நெற்றி நிறைய திருநீறும் உருத்திராட்சமுமாக நான் நின்றிருந்தேன். அவன் முகத்தில் குற்றம் சாட்டும் பார்வை இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்ற நிச்சயம்தான் இருந்தது.

"நான் கொல்லச் சொல்லல," என்றேன்.

எழுத்துக்கு எழுத்து உண்மை. பொய்யைவிட மோசமான உண்மை.

அவன் கங்காணி பக்கம் திரும்பினான். "ஆமாங்க. ஐயா கொல்லச் சொல்லலீங்க."

காப்பை அறுக்கச் சொன்னவனும் நான்தான். பூசாரி தயங்கினார். "விதி விதிதான்" என்றேன். அறுத்த கயிறு அவன் காலடியில் விழுந்தது. அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து என் முன்னால் வந்தாள்.

"சாமி, எங்க சட்டியில ஒண்ணு செத்தா, செத்துச்சுன்னு சொல்லித் திங்கிறோம். உங்க இலையில செத்ததுக்கு யாரு பேரு வச்சா? நாளைக்கி எல்லாரும் உக்காந்து திம்பாங்கல்ல, அந்தக் கெழங்கு? அது மட்டும் சுத்தமா?"

மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் அவர்கள் தோட்டத்தை விட்டுப் போனார்கள். தங்கள் தீச்சட்டியை ஏற்றுக்கொள்ளும் வேறொரு அம்மனைத் தேடிப் போகிறார்கள் என்று சொன்னார்கள். வேறு தோட்டத்தில் பேர் பதிய, இங்கிருந்து பத்துச்சீட்டு என்ற விடுப்புச் சீட்டு வேண்டும். அதை எழுதிக் கொடுத்தேன். மூட்டையும் பிள்ளையுமாக அவர்கள் வண்டிப்பாதையில் இறங்கியதை ஆபீஸ் சன்னலிலிருந்து பார்த்தேன். பீலியடி வரை போய் வழியனுப்ப எனக்குக் கால் எழவில்லை.

வேறு காவல்காரனைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நானே தோட்டத்தைப் பார்த்தேன். ஒரு மாலை வேலியோரம் புதருக்குள் ஏதோ அடித்துக்கொண்டது. எப்போதோ வைத்து அவன் எடுக்க மறந்த பழைய சுருக்கு ஒன்றில் ஒரு முயல். பின்னங்காலில் கம்பி எலும்பு வரை இறங்கியிருந்தது. கம்பியைக் கழற்றினேன். அதனால் ஓட முடியவில்லை. இனி அது பிழைக்காது என்று எனக்கே தெரிந்தது. அவனாக இருந்தால் ஒரே அடியில் முடித்திருப்பான். நான் கம்பைக் கையில் எடுத்தேன், கீழே போட்டேன். எடுத்தேன்; போட்டேன். கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? கோயிலுக்குக் கோவா அனுப்பும் கூடையைக் கவிழ்த்து அதை மூடிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். காலையில் கூடையை எடுத்தபோது, அதற்குள் மண் முழுவதும் கீறிக் கிடந்தது. அது சாக எவ்வளவு நேரம் பிடித்ததோ.

கொல்லாதவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள முடியாமல் போனது அன்றுதான்.

நான் கறி தின்னத் தொடங்கிவிடவில்லை. பதுளைக் கடைவீதியில் எனக்குத் தெரிந்த ஒருவர், "எல்லாவற்றிலும் உயிர் சாகிறதென்றால் பிறகு எதற்கு இந்த விரதம்?" என்று கேட்டிருக்கிறார். எல்லாத் தெருவிலும் புழுதி இருக்கிறது என்பதற்காக யாரும் வீட்டைக் கூட்டாமல் விடுவதில்லை. வைக்கோல் கன்றை நக்கிய மாட்டை நான் இன்னும் மறக்கவில்லை. இன்றுவரை பாலும் தொடவில்லை. ஆனால் என் இலையில் இருப்பது பாவம் படாத சோறு என்று பிறகு ஒரு நாளும் சொன்னதில்லை. நெல்லுக்கு எலி செத்தது. கிழங்குக்குப் பன்றி செத்தது. நான் குடித்த சாயத்தண்ணிக்கு, தேயிலை நடுவதற்காக ஒரு மலைக்காடே தீயில் செத்தது. அந்தத் தீயை வைக்கச் சொன்ன உத்தரவை நகல் எடுத்தவனே நான். நான் குறைத்துக்கொள்ளலாம். இல்லை என்று சொல்ல முடியாது. குறைத்ததற்குப் பெருமைப்பட்டு, எனக்காக அதைச் செய்தவனைத் தீட்டு என்றது எந்தச் சைவத்திலும் சேராது.

மூன்று வருடம் கழித்து அவர்களைத் தேடிப் போனேன். ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். லயத்து வாசலில் அவன் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். எழுந்த பிறகுதான் யாரென்று அடையாளம் கண்டாள் போலிருக்கிறது, மறுபடி உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் அம்மைத் தழும்புடன் ஒரு சிறுமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். குழந்தை பிழைத்திருந்தது.

"அவரு போன மழையில காய்ச்சல்ல போயிட்டாரு," என்றாள்.

"தீச்சட்டி?"

"நான்தான் எடுத்தேன். இந்த ஊரு கோயில்ல அவர எடுக்கச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டாரு. காப்பறுத்த கையின்னாரு. சாவுற வரைக்கும் கோயிலுக்குள்ள போவல. வெளிய நின்னே கும்புட்டாரு."

தட்டில் கேப்பை ரொட்டியும் கீரையும் வைத்தாள். லயத்து வீட்டில் நான் சாப்பிட்டது அதுதான் முதல் முறை. "பயப்படாம சாப்புடுங்க. கறி இல்ல," என்றாள். "கேப்பைக்கு எலி எத்தன செத்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க. அந்தக் கணக்குச் சொல்ற ஆளு இப்ப இல்ல."

நான் சாப்பிட்டு முடித்து, சொல்ல வந்ததைச் சொன்னேன். அன்று கோயிலில் நான் சொன்னது வார்த்தை விளையாட்டு, தப்பு என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்றேன். அவள் கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க? எனக்கு அப்பவே தெரியும். அன்னைக்கி நின்னாங்களே நூறு பேரு, அவங்களுக்குத்தானே தெரியாது. அங்க போயி சொல்லுங்க."

கிளம்பியபோது அவளும் எழுந்தாள். "வாங்க, வழியனுப்பி வைக்கிறேன்," என்றவள் என் முகத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "பயந்துட்டீங்களா? நெசமாவே வழிதான்." லயத்து முனை வரை வந்து, வண்டிப்பாதை பிரியும் இடத்தைக் கைகாட்டிவிட்டுத் திரும்பினாள்.

அடுத்த திருவிழாவில் சொல்லிவிடுவது என்று வந்தேன். கூட்டத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதுளைக்கு வந்துவிட்டேன். இப்போது ரயிலே இங்கு வரை வந்துவிட்டது. அன்று கோயிலில் நின்றவர்களில் பாதிப்பேர் மண்ணுக்குள் இருப்பார்கள். மீதிப்பேரின் பிள்ளைகள் யாராவது படிக்கத் தெரிந்தவர்களாக இருந்தால், வாயால் சொல்ல முடியாமல் நான் எழுதும் இதை வீட்டில் பெரியவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

அந்தக் காவல்காரன் காப்பை மீறவில்லை. மீறவைத்தவன் நான். அன்று அந்தப் பன்றியை நான் கொல்லச் சொன்னேன். அதற்கு முந்தியவை எல்லாவற்றையும் நான்தான் கொல்லச் சொன்னேன்.