ஏழரைத் தாளம்

எங்கள் குழு நாலு மாதம் உயிரோடு இருந்தது. ‘அண்டர்கிரவுண்ட் பேண்ட்’ என்று சொல்லிக்கொண்டோம். பயிற்சி செய்ததென்னவோ செங்கல்பட்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில். மூன்று பேர். கிதார்காரன் டியூஷனில் கணக்கு வாத்தியார். டிரம்ஸ்காரனுக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பான். நான் பாடினேன், அதாவது கத்தினேன்.

எங்கள் இசை பங்க், எமோ, மேத் ராக் என்று மூன்று வகை ராக்கின் கலவை. பங்க் என்பதால் அதிகாரத்தை எதிர்த்தோம், டிரம்ஸ்காரனின் கம்பெனி சூப்பர்வைசரிடம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு. எமோ என்பதால் காதல் தோல்விக்கு அழுதோம். எங்களை ஏமாற்றும் அளவுக்குக்கூட எந்தப் பெண்ணும் எங்களை மதித்ததில்லை. மேத் ராக் என்றால் தாளத்தில் கணக்கு என்பதால் கிதார்காரன் ஒரு பாட்டை ஏழரை எண்ணிக்கையில் அமைத்தான்.

துணி எடுக்க வந்த அம்மா கேட்டாள்: “ஏழரை தானா வந்து புடிக்கும். நீங்க இன்னாத்துக்குடா எண்ணி எண்ணிக் கூப்ட்டுகினு கீறீங்க?”

கடற்கரையை ரிசார்ட்டுகள் வளைத்துப்போடுவதைப் பற்றி, மீனவர்கள் சார்பில் நான் எழுதியதுதான் அந்த ஏழரைப் பாட்டு. அரங்கேற்றம் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை கஃபேயில், சாயங்காலம். பத்துப் பேர் இறால் தின்றுகொண்டிருந்தார்கள். பாதிப் பாட்டில் கிதார் நின்றது.

“அந்த அரை எண்ணிக்கைய வுட்டுட்ட,” என்றான் கிதார்காரன், மைக்கிலேயே.

“நீதான் மச்சான் வுட்ட,” என்றான் டிரம்ஸ்காரன்.

அதையும் பாட்டென்று நினைத்துக் கை தட்டினார்கள். அன்றைக்குக் கிடைத்த ஒரே கைதட்டல்.

முடிந்ததும், கஃபேக்கு மீன் போடுகிறவர் என்னிடம் வந்தார். கடைசிவரை நின்று கேட்டிருந்தார்.

“இன்னா பாட்டு தம்பி அது?”

“உங்களைப் பத்திதான், அண்ணாத்த.”

“அப்டியா? ஒண்ணும் புரில.” கொஞ்சம் யோசித்தார். “வலை காயப்போட்ற எடத்துல இந்த ஓனர் நாற்காலி போட்டுகினு கீறாரு. எட்த்துக்க சொன்னா கேக்க மாட்றாரு. அத்த மைக்ல ஒருவாட்டி சொல்லேன்.”

மைக் என் கையில்தான் இருந்தது, ஆன் செய்தபடியே. நாலடி தள்ளி ஓனர் நின்றார். அடுத்த மாதமும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்.

“ஒயரைக் கழட்டியாச்சு அண்ணாத்த,” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனார். ஸ்டிக்கை உறையில் போட்டுக்கொண்டிருந்த டிரம்ஸ்காரன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் நாங்கள் இருவர் மட்டும் டீ குடிக்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

“நாலு மாசமா கத்துன. இன்னிக்கு அவரு ஒரே ஒரு வார்த்த சொல்ல சொல்லி கேட்டாரு.”

நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவன் பயிற்சிக்கு வரவில்லை. போன் செய்தால் எடுப்பான், நன்றாகவே பேசுவான், வரமாட்டேன் என்பான். கிதார்காரனிடம் நான் காரணம் சொல்லவில்லை. தாளத் தகராறில் குழு உடைந்தது என்றே அவன் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.