எல்லை வேலியில் நின்ற மஞ்சள் அலரி

என் கணவரின் அக்கா பக்கத்து வளவில் இருந்தா. எல்லை வேலியோடு அவ ஒரு மஞ்சள் அலரி வளர்த்தா. அதன் கொப்புகள் எங்கள் ஆட்டுக்கொட்டிலுக்கு மேல் சாய்ந்து கிடந்தன. அந்தக் காயின் கொட்டை நஞ்சு என்பது எங்கள் ஊர் இறுப்பிட்டியில் எல்லோருக்கும் தெரியும்.

ஐப்பசிக் காற்று கிளம்பினால், விடிந்ததும் விளக்குமாறும் கடகப் பெட்டியுமாகப் போய்க் காய் பொறுக்கிக் குழியில் போட்டு மூடுவேன். கை கழுவித் திரும்புவதற்குள் இன்னும் நாலு விழுந்து கிடக்கும்.

"மச்சாள், இந்தப் பக்கக் கொப்பையாவது வெட்டி விடுங்கோ."

"பூசைக்குப் பூ எடுக்கிற மரம். கத்தி வைக்க ஏலாது. நீர் ஆட்டைக் கட்டி வளரும்."

கட்டித்தான் வளர்த்தேன். மூன்று வருடமாக இதே பேச்சு. தெற்கே கடையில் இருந்த என் கணவருக்கு எழுதினால், "அக்காவோடு சண்டைக்குக் கொளுவாதே" என்று பதில் வரும்.

ஒருநாள் காய்ச்சலில் கிடந்த மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்ப மத்தியானமாகிவிட்டது. அவளுக்குப் பால் தந்த மறியாடு கயிற்றை அறுத்து, விழுந்து கிடந்த காய்களைத் தின்றிருந்தது. வாயில் நுரை. கால்கள் பின்னின. நெஞ்சில் கை வைத்தேன். துடிப்பு நின்று நின்று வந்தது. பொழுது படுவதற்குள் செத்துப்போனது. இரண்டு குட்டிகளும் அதன் மடியை முட்டிக்கொண்டே நின்றன.

ஆட்டை இழுத்துப்போய் மச்சாளின் படலை வாசலில் போட்டேன்.

"கட்டத் தெரியாட்டி ஏன் வளர்க்கிறீர்?" என்றா.

அடுத்த நாள் காலை, தடியில் சத்தகக் கத்தியைக் கட்டி, எங்கள் பக்கம் நீட்டியிருந்த கொப்புகளை இழுத்து வெட்டத் தொடங்கினேன். மச்சாளின் கத்தல் கேட்டு, லீவில் வந்திருந்த அவவின் புருசன் கத்தியோடு ஓடி வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். அவரோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பெரிய கொப்பொன்றைத் தறித்தார்.

"நானும் எத்தினை வருசமாச் சொல்லுறன். கேட்டாத்தானே," என்றார்.

அடிமரத்தைத் தொட மச்சாள் விடவில்லை, மறித்துக்கொண்டு நின்றா. மாரி மழைக்கு அது முன்னையிலும் அடர்த்தியாகத் தளிர்த்தது.

கடைசியில் நானே கல் சுமந்து, வெள்ளம் நிற்கும் மேற்கு மூலையை உயர்த்திக் கொட்டிலை அங்கே மாற்றினேன். குட்டிகளில் ஒன்றுதான் தப்பியது.

"இதை முதலே செய்திருக்கலாமே, தங்கச்சி," என்றார் அடுத்த லீவில் வந்த மச்சாளின் புருசன். நல்ல மனிதர்தான். ஆனாலும் அன்று அவருக்குத் தேத்தண்ணி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.